டிராகன் இல்லை, முயல்

என் மகள் எட்டு வயது வரைக்கும் டிராகனாக இருந்தாள். பிறந்தது 2000ஆம் ஆண்டு, ஆண்டுக்கு ஒரு விலங்கு என்று சீனர்கள் வைத்திருக்கும் கணக்கில் அது டிராகன் ஆண்டு, இதில் கணக்குப் பார்க்க என்ன இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். தொடக்கநிலை இரண்டில் அவள் வகுப்பில் பாதிக்கு மேல் சீனப் பிள்ளைகள், கிட்டத்தட்ட எல்லாரும் டிராகன். அவளும் பென்சில் பெட்டியில் டிராகன் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகத் திரிந்தாள். டிராகன் ஆண்டில் பிள்ளை பிறந்தால் யோகம் என்று இங்கே சிங்கப்பூரில் பலருக்கு நம்பிக்கை உண்டு. அந்த ஆண்டுகளில் பிரசவங்கள் கூடும். அந்தப் பிள்ளைகள் பள்ளியில் சேரும்போது இடத்துக்கு அடிதடியாக இருக்கும். ஊரே ஆசைப்படும் பட்டம் நம் வீட்டுக்குச் சும்மா வந்துவிட்டதே என்று எனக்கும் உள்ளூர ஒரு பெருமை.

2008 சீனப் புத்தாண்டு வியாழக்கிழமை வந்தது, பிப்ரவரி 7. வெள்ளியும் விடுமுறை, சனி ஞாயிறு சேர்த்தால் நான்கு நாள். கடைகள் பாதி மூடியிருக்கும். கணவருக்கு ஷிப்ட் வேலை. வீட்டில் நான், என் அம்மா, எட்டு வயதுப் பெரியவள், ஐந்து வயதுச் சின்னவன். பிள்ளைகளை நான்கு நாள் எப்படிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டே போனபோதுதான் ஒரு கடையில் கழிவு விலைக் கூடையில் அந்த டிவிடி கிடந்தது. ‘லெஜண்ட் ஆஃப் தி டிராகன்’. சீனத்துப் பன்னிரண்டு விலங்குகள், தற்காப்புக் கலை, அட்டை முழுக்கப் பளபளப்பு. பெரியவள் டிராகன் பைத்தியம், சின்னவன் உதை பைத்தியம். பொழுதும் போகும், எலி முதல் பன்றி வரை அந்த வரிசையையும் கற்றுக்கொள்வார்கள் என்று வாங்கி வந்தேன். “இது ரொம்ப நல்ல படம்” என்று பார்ப்பதற்கு முன்பே சொல்லியும் வைத்தேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

2000களின் நடுவில் ஐரோப்பாவில் தயாரித்த தொடர் அது. ஆங், லிங் என்று ஓர் இரட்டையர், பையனும் பெண்ணும். ஒரே ஆசானிடம் பயிற்சி. லிங் உழைப்பாளி, நேரம் தவறாதவள், கலையில் பையனைவிட ஒரு படி மேல். ஆங் விளையாட்டுப் பிள்ளை. தங்க டிராகனின் காவலரைத் தேர்ந்தெடுக்கும் நாள் வருகிறது. லிங்தான் என்று ஊரே நினைத்திருக்க, பட்டம் ஆங்குக்குப் போகிறது. லிங் மனம் உடைந்து வில்லன் பக்கம் சேர்ந்து நிழல் டிராகன் ஆகிவிடுகிறாள்.

இந்த இடம் வரைக்கும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துதான் பார்த்தேன். நல்ல விதை அது. மகாபாரதத்திலேயே நாம் பார்த்த விஷயம், தகுதி ஒருவருக்கு, பட்டம் இன்னொருவருக்கு. ஒழுங்காகத் தண்ணீர் விட்டிருந்தால் எங்கேயோ போயிருக்கும்.

விடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பகுதியும் ஒரே அச்சு. கையில் மாட்டும் சக்திப் பட்டை ஒன்று, அதற்குரிய விலங்கின் காவலர் ஒருவர், அதைப் பிடுங்க வரும் வில்லன் ஆட்கள். இரண்டு பக்கமும் கத்துவார்கள், உடம்பு மின்னும், உருவம் மாறும், சண்டை. அடி எங்கே விழுந்தது, எப்படித் தடுத்தார்கள் என்று பார்ப்பதற்குள் வெளிச்சம் கண்ணைக் கட்டிவிடும். தற்காப்புக் கலைத் தொடர் என்று சொல்லிவிட்டுக் கலையை மட்டும் காட்டாமல் விட்டால் எப்படி? பயிற்சிக் கூடத்துக்கு வேறு ‘டோஜோ’ என்று பெயர். அது ஜப்பானியர் கராத்தே கூடத்துக்குச் சொல்லும் வார்த்தை. திருவையாற்றில் நடக்கும் கதையில் வீணை வாத்தியாரை உஸ்தாத் என்று கூப்பிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

நான்காவது பகுதியில் நான் துணி மடிக்கப் போய்விட்டேன். சின்னவன் மட்டும் சோபாவில் நின்றுகொண்டு கத்திக்கொண்டிருந்தான். பெரியவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்து என்னிடம் வந்து, “அம்மா, லிங்தானே நல்லா செஞ்சா? அப்புறம் ஏன் அவளுக்குக் குடுக்கல?” என்றாள்.

“கதை அப்படி எழுதியிருக்காங்க.”

“அவ கேட்டது தப்பா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. “அது வெறும் கார்ட்டூன்மா, விடு” என்று சமாளித்தேன். அப்படி அனுப்பியதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு. திறமைசாலிப் பெண் ஒருத்தி எனக்கு ஏன் இல்லை என்று கேட்டால் அவளைக் கெட்டவளாக்கிவிடும் கதையை எட்டு வயதுப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளாகவே அந்த இடத்தில் இடறி எழுந்து என்னிடம் வருகிறாள். இரண்டு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து “நீயா இருந்தா என்ன செஞ்சிருப்பே?” என்று கேட்டிருக்கலாம். மோசமான கார்ட்டூனில் இப்படி ஒரு பயன் உண்டு. ஓட்டை எங்கே என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். கண்டுபிடித்துச் சொல்லும்போது நாம் துணி மடித்துக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் சின்னவன் சோபாவிலிருந்து ஏதோ ஒரு விலங்கின் பெயரைச் சொல்லிப் பாய்ந்தான். காபி மேசையில் இருந்த சிவப்பு மூடி பிளாஸ்டிக் புட்டி பறந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடுத்த அன்னாசிப்பழ டார்ட். ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் அவர் கையால் சுட்டது வரும், தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கு போகும். இருபது வருடப் பழக்கம். டார்ட் எல்லாம் பொடி. அன்னாசி ஜாம் தரையில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. கத்தியால் சுரண்டி எடுத்தேன்.

சத்தம் கேட்டு ஆன்ட்டியே கதவருகே வந்துவிட்டார். என் அம்மாவும் அவரும் பேசிக்கொள்வது பாசார் மலாயில், அதாவது சந்தையில் எல்லாரும் பேசும் கலப்பு மலாயில். அம்மாவுக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அந்தக் காலத்தில் கம்பம் என்கிற கிராமக் குடியிருப்பில் வந்த பழக்கம். என்ன ஆயிற்று என்று கேட்டார். அம்மா நடந்ததைச் சொல்லிவிட்டு, இதெல்லாம் இந்த டிராகனால் வந்தது என்று பெரியவளைக் காட்டிச் சிரித்தார்.

ஆன்ட்டி பிறந்த தேதியைக் கேட்டார். ஜனவரி 18, 2000 என்றேன். விரலை மடித்து எண்ணிவிட்டு, “டியா புக்கான் நாகா. டியா ஆர்னாப்” என்றார். அவள் டிராகன் இல்லையாம், முயலாம்.

இதில் ஒரு வேடிக்கை. மலாயில் டிராகனுக்கு ‘நாகா’ என்றுதான் பெயர். அம்மா இத்தனை காலம் பேத்தியை நாகப்பாம்பு என்று நினைத்துக்கொண்டு, நாகதோஷம் எதுவும் வராமல் இருக்க மாரியம்மன் கோவிலில் அர்ச்சனை வேறு செய்திருக்கிறார். முயல் என்றதும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பெரியவள் முகம்தான் சுருங்கிவிட்டது.

விஷயம் ரொம்ப எளிது. விலங்கு ஆண்டு ஜனவரி 1இல் மாறுவதில்லை, சீனப் புத்தாண்டன்று மாறுகிறது. அது ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு நாளில் வரும். 2000இல் பிப்ரவரி 5. அந்த வருடத்தில் அதற்கு முன் பிறந்த எல்லாரும் 1999இன் முயல்கள்தான். அம்மாவுக்கு இதைப் புரியவைக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. “நம்ம கணக்கு மாதிரிதானே? இவ ஜாதகத்துல பிரமாதி வருஷம்னுதானே இருக்கு? சித்திரைக்கு அப்புறம்தானே விக்கிரம?” என்றார். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. என் வீட்டு அலமாரியில் இருந்த ஜாதகத்திலேயே விடை இருந்திருக்கிறது.

நமக்கும் அவர்களுக்கும் ஆண்டுச் சுற்று அறுபதுதான். நம்முடையது பிரபவவில் தொடங்கி அட்சயவில் முடியும். அவர்களுடையது பன்னிரண்டு விலங்கு, மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து பூதம், பெருக்கினால் அறுபது. அதே விலங்கு அதே பூதத்தோடு திரும்பி வர அறுபது வருடம் ஆகும். அதனால் அறுபது நிறைவது அவர்களுக்கும் விசேஷம். வியாழன் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறக்குறைய 12 வருடம், இரண்டு பக்கத்துக் கணக்குக்கும் அந்தக் கிரகத்தோடு சம்பந்தம் உண்டு. பிள்ளைகளுக்கு அந்தத் தொடர் இதில் ஒரு துளியாவது சொல்லியிருக்கலாம். நான் பார்த்த வரைக்கும் அதில் யாரும் யாரையும் பார்த்து நீ எந்த வருடம் பிறந்தாய் என்று கேட்டதாக நினைவில்லை. இங்கே விலங்கைக் கேட்பதே அதற்காகத்தான். வயதை நேராகக் கேட்க மனமில்லாதபோது விலங்கைக் கேட்பார்கள், பன்னிரண்டுக்குள் ஆள் எந்தச் சுற்று என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதனால் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்த பிள்ளை வீட்டில் இருந்தால், விலங்கைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன் அந்த வருடத்துச் சீனப் புத்தாண்டு என்றைக்கு வந்தது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எட்டு வருடம் கழித்துத் திருத்துவது சுலபமாக இல்லை. பெரியவள் அன்றைக்கு ராத்திரி பென்சில் பெட்டியிலிருந்து ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆன்ட்டி புது டார்ட் புட்டியோடு வந்து, தாழ்வாரத்தில் செருப்பு அலமாரிமேல் உட்கார்ந்து, பெரியவளைக் கூப்பிட்டார். அவருடைய ஆங்கிலமும் மலாயும் கலந்த கதை. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

வானுலகப் பேரரசர் விலங்குகளுக்கு ஓட்டப் பந்தயம் வைத்தார். ஆற்றைக் கடந்து முதலில் வரும் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு வருடம். எலியும் பூனையும் எருதின் முதுகில் ஏறிக்கொண்டன. நடு ஆற்றில் எலி பூனையைத் தள்ளிவிட்டது. அதனால்தான் பூனைக்கு வருடம் இல்லை, எலியைக் கண்டால் இன்றைக்கும் ஆகாது. கரை வந்ததும் எலி எருதின் தலையிலிருந்து குதித்து முதல் இடம். எருது இரண்டு. நீரோட்டத்தோடு மல்லுக்கட்டி வந்த புலி மூன்று. நான்காவது முயல். கல்லுக்குக் கல் தாவி வந்து, நடுவில் தவறி, ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு கரை ஒதுங்கியது. ஐந்தாவதுதான் டிராகன். பறக்கத் தெரிந்தவனுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று பேரரசர் கேட்டார். வழியில் ஓர் ஊரில் மழை இல்லை, பெய்வித்துவிட்டு வந்தேன் என்றது டிராகன். அப்புறம் ஆற்றில் ஒரு முயல் கட்டையைப் பிடித்துக்கொண்டு தவித்தது, ஊதிக் கரை சேர்த்துவிட்டு வந்தேன் என்றது.

“அப்ப நான் டிராகனுக்கு முன்னாடி வந்தேனா?” என்று பெரியவள் கேட்டாள்.

“முன்னாடிதான். ஆனா அது ஊதினதால,” என்றார் ஆன்ட்டி.

குதிரையின் குளம்பில் சுற்றிக்கொண்டு வந்து கடைசி நிமிடத்தில் பயமுறுத்திய பாம்பு, வழியில் தின்றுவிட்டுத் தூங்கிப்போன பன்றி எல்லாம் அப்புறம் வந்தன. சின்னவன் ஆகஸ்ட் 2002, சந்தேகமே இல்லாத குதிரை. பாம்பைக் கண்டு பின்வாங்கிய ஏழாம் இடத்துக் குதிரை என்றதும் அவனுக்கு ஏமாற்றம். பன்னிரண்டு பேர் வருகிற இந்தக் கதையில் ஒரு குத்துகூட இல்லை. தந்திரம் இருக்கிறது, துரோகம் இருக்கிறது, சோம்பேறித்தனம் இருக்கிறது, உதவி இருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்தத் தொடர் எழுதியவர்கள் ஏன் பட்டையை மட்டும் பிடித்துத் தொங்கினார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. வியட்நாமில் முயலுக்குப் பதிலாகப் பூனைக்கே நான்காம் இடம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதை ஆன்ட்டியிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

விலங்குகளைப் பார்த்து அமைத்த சண்டைமுறைகள் சீனத்தில் உண்மையிலேயே உண்டு. தென்சீனத்து ஐந்து விலங்கு முறை என்றால் புலி, சிறுத்தை, கொக்கு, பாம்பு, டிராகன். இதில் சிறுத்தையும் கொக்கும் பன்னிரண்டில் இல்லை. கும்பிடுபூச்சி முறை பேர் போனது, அதுவும் இல்லை. குரங்கு முறை இருக்கிறது. பன்றிக் குத்து, ஆட்டுக் குத்து என்று நான் கேள்விப்பட்டதே கிடையாது. அதாவது ராசி விலங்கும் சண்டை விலங்கும் வேறு வேறு பட்டியல். இரண்டையும் ஒன்றாக்குவது தப்பு என்று சொல்லமாட்டேன், கற்பனைதானே. ஆனால் கொக்கு முறையில் ஒற்றைக் காலில் நிற்பதற்கு ஓர் அர்த்தம் இருப்பதுபோல, முயல் சண்டை போட்டால் எப்படிப் போடும் என்று யாராவது உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். அதே சமயத்தில் அமெரிக்காவில் வந்த ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ அந்த வேலையைச் செய்தது. தண்ணீருக்குத் தாய் சி, மண்ணுக்கு ஹுங் கார், நெருப்புக்கு வடக்கு ஷாவ்லின், காற்றுக்குப் பாகுவா என்று உண்மையான சீன முறைகளை வைத்து ஒவ்வொருவர் அசைவையும் அமைத்தார்கள். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் யார் எந்தக் கூட்டம் என்று கால் வைப்பதிலேயே தெரிந்துவிடும். இப்போது யாராவது என்னிடம் பிள்ளைகளுக்கு ஒரு தற்காப்புக் கலை கார்ட்டூன் சொல்லுங்கள் என்று கேட்டால், ஒலியை அணைத்து இரண்டு நிமிடம் பாருங்கள் என்றுதான் சொல்வேன். காலும் இடுப்பும் ஏதாவது செய்தால் வாங்கலாம். வெறும் வெளிச்சம் என்றால் வேண்டாம்.

ஆனால் பிள்ளைக்குப் பிடித்துப்போன பிறகு மட்டம் தட்டாதீர்கள். சின்னவன் அந்த டிவிடியைக் கீறல் விழும் வரைக்கும் பார்த்தான். நான் ஒரு நாள் “குப்பைடா இது” என்றேன். அழுதான். அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதத்தில் தானாகவே சலித்து ரயில் பக்கம் போய்விட்டான்.

பெரியவளுக்கு டிராகன் போனாலும் லிங் போகவில்லை. எனக்கும் சண்டை கற்றுக்கொடு என்று பிடிவாதம். இங்கேயும் நான் ஒரு தப்புச் செய்தேன். முதலில் விசாரித்த இடத்தில் ஆறு மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்டார்கள், இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டினேன், சீருடையும் வாங்கினேன். மூன்றாவது வாரமே தெரிந்துவிட்டது, பயிற்சியாளர் நன்றாகச் செய்யும் நான்கு பேரை முன்வரிசையில் வைத்துக்கொண்டு மற்றவர்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பணம் திரும்பி வரவில்லை. அடுத்து சமூக மன்றத்து வூஷு வகுப்பு, சீனத் தற்காப்புக் கலை. இந்த முறை பணம் கட்டுவதற்கு முன் சுவரோரமாக உட்கார்ந்து ஒரு வகுப்பு முழுக்கப் பார்த்தேன். நான் பார்த்தது கடைசி வரிசைப் பிள்ளையை. கால் தடுக்கி விழுந்த ஒரு குண்டுப் பையனிடம் லாவ்ஷி, அதாவது ஆசிரியர், போய்க் குனிந்து அவன் முட்டியைத் தொட்டுத் திருப்பி, பாதம் போகும் திசைக்கே முட்டியும் போக வேண்டும் என்று காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கே சேர்த்தேன்.

முதல் வகுப்பில் உதையும் இல்லை, குத்தும் இல்லை. ‘மா பு’, குதிரை நிலை. கால்களை அகட்டி, தொடை தரைக்குச் சமமாக, முதுகு நேராக, கைகளை மடக்கி இரண்டு முஷ்டியையும் இடுப்பில் வைத்து நிற்க வேண்டும். அரை நிமிடத்தில் தொடை நடுங்கும். அசல் குதிரையான சின்னவன் பதினைந்து விநாடியில் தரையில் உட்கார்ந்துவிட்டான், அடுத்த வாரம் வரவேயில்லை. பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து பல் விளக்கும்போது நின்றாள், பாட்டி சீரியல் பார்க்கும்போது நின்றாள். ஒரு மாதம் இந்த நிலை மட்டும்தான் என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை மிச்சம். கார்ட்டூனைப் பார்த்து வரும் பிள்ளை முதல் நாளே பறக்கலாம் என்றுதான் வரும்.

லிங் விஷயத்துக்கும் ஒரு வருடம் கழித்து இடம் வந்தது. வகுப்பில் காட்சிக்கு ஆள் எடுத்தபோது இவளை எடுக்கவில்லை, பின்னால் சேர்ந்த ஒரு பெண்ணை எடுத்தார்கள். இந்த முறை நான் துணியைக் கீழே வைத்தேன். “லாவ்ஷிகிட்டே ஏன்னு கேட்கலாமா?” என்றாள். கேள் என்றேன். கேட்டாள். உனக்கு நிலை நன்றாக இருக்கிறது, தாவும்போது கண் தரையைப் பார்க்கிறது என்று சொன்னாராம். அன்றிலிருந்து எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தூண்மேல் ஒரு காகிதத்தை ஒட்டி அதைப் பார்த்துத் தாவிக்கொண்டிருந்தாள். நகர மன்றத்து ஆள் வந்து காகிதத்தை எடுக்கச் சொன்னார்.

2011 பிப்ரவரி 3, முயல் ஆண்டு பிறந்தது. இவள் ஆண்டு. பெருமையாகச் சிரித்துக்கொண்டே இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங் பாவ், அதாவது சிவப்பு உறையில் புத்தாண்டுப் பணம், கொடுத்த கையோடு ஆன்ட்டி ஒரு பிளாஸ்டிக் பையையும் நீட்டினார். சொந்த விலங்கு திரும்பி வரும் வருடம் யோகமெல்லாம் கிடையாது, கண்டமாம், வருடம் முழுக்க உடம்பில் ஏதாவது சிவப்பு இருக்க வேண்டுமாம். பைக்குள் மூன்று ஜோடி சிவப்புக் காலுறை. பள்ளிக்கு வெள்ளைதான் போட முடியும். அதனால் வூஷுவுக்குப் போட்டுக்கொண்டு போனாள். முதல் வாரமே ஒரு ஜோடியில் பெருவிரல் ஓட்டை விழுந்தது. ஆன்ட்டியிடம் சொல்லவில்லை. பாட்டி தைத்துக் கொடுத்தார், சிவப்பு நூல் இல்லாததால் கறுப்பு நூலில்.